சர்க்கரை எனக்கு, வேலை எல்லோருக்கும்

கர்ப்பத்தில் சர்க்கரை இருக்கிறது என்று ரிப்போர்ட் வந்த அன்றே வீட்டில் விசாரணை தொடங்கிவிடும். என்ன சாப்பிட்டாய், எப்போதிலிருந்து சாப்பிட்டாய், உங்கள் பக்கத்தில் யாருக்காவது சுகர் உண்டா, எங்கள் பக்கத்தில் யாருக்கும் கிடையாதே. எங்கள் வீட்டிலும் இது அப்படியே நடந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனால் பதில் சொல்லிச் சொல்லியே, தப்பு என் மேல்தான் போலிருக்கிறது என்று எனக்கே தோன்ற ஆரம்பித்துவிட்டது.

விசாரணையை முடித்துவைத்தது டாக்டர்தான். அடுத்த முறை போகும்போது கணவரை மட்டுமல்லாமல் அத்தையையும் (கணவரின் அம்மா) கையோடு அழைத்துப் போயிருந்தேன். டாக்டர் என்னிடம் பேசுவதுபோல அவர்கள் இருவருக்கும் விளக்கினார். நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் தாயின் உடலில் இன்சுலினின் வேலையை மந்தமாக்கும். குழந்தைக்குச் சத்து தடையில்லாமல் போய்ச் சேர உடல் செய்துகொள்ளும் ஏற்பாடு அது; எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் நடக்கும். அதற்கு ஈடாகக் கணையம் கூடுதலாக இன்சுலின் சுரக்க வேண்டும். சிலருக்கு அந்தக் கூடுதல் போதுவதில்லை. நஞ்சுக்கொடி வளர வளர இந்த எதிர்ப்பும் ஏறுவதால்தான் வழக்கமாக 24 முதல் 28 வாரத்துக்குள் குளுக்கோஸ் குடிக்கவைத்துச் சோதிக்கிறார்கள். வயது, உடல் எடை, குடும்பத்தில் சர்க்கரை இருப்பது எல்லாம் வாய்ப்பைக் கூட்டும். இவை எதுவும் இல்லாதவர்களுக்கும் வருவதுண்டு.

சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பின் 2021ஆம் ஆண்டுக் கணக்குப்படி, உலகில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ ஆறில் ஒன்று, கர்ப்பத்தில் ஏதோ ஒரு வகையில் சர்க்கரை கூடியிருந்த தாய்க்குப் பிறக்கிறது. டாக்டர் இதைச் சொல்லிவிட்டு, "ஆறில் ஒருத்தி இனிப்புத் தின்றே வரவழைத்துக்கொண்டாள் என்றா சொல்லப்போகிறோம்?" என்று பொதுவாகக் கேட்டார். அத்தை பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் தன் தங்கைக்குப் போன் செய்து, நஞ்சுக்கொடி பற்றி அரைமணி நேரம் பாடம் எடுத்தார். அதற்குப் பிறகு எந்தச் சொந்தக்காரர் என்ன கேட்டாலும் பதில் சொல்லும் பொறுப்பு அவருடையதாகிவிட்டது. அதனால் எல்லோருக்கும் நான் சொல்வது: வீட்டில் யார் பேச்சு எடுபடுமோ அவரை டாக்டரிடம் ஒருமுறை அழைத்துப் போய்விடுங்கள். அதே விளக்கத்தை நாம் வீட்டில் சொன்னால் சாக்குச் சொல்வதாகத் தெரியும்.

அடுத்தது எண்கள். வெறும் வயிற்றில் ஒருமுறை, மூன்று வேளைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒவ்வொரு முறை என்று தினமும் விரலில் குத்திப் பார்க்க வேண்டும். பொதுவாக வைத்துக்கொள்ளும் இலக்கு, வெறும் வயிற்றில் 95க்குக் கீழே, சாப்பிட்டு ஒரு மணி நேரத்தில் 140க்குக் கீழே, இரண்டு மணி நேரத்தில் பார்த்தால் 120க்குக் கீழே. குத்துவது சில நாளில் பழகிவிடுகிறது. நுனியில் குத்தாமல் விரலின் பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறைவு. பழகாமல் போனது அந்த "எவ்வளவு?"தான். காலையில் கண் விழித்ததும் கணவர் "எவ்வளவு?" என்பார். அம்மா போனை எடுத்ததும் "எவ்வளவுடி?" அடுப்படியிலிருந்து அத்தை "எவ்வளவும்மா வந்துச்சு?" நேற்று இரவு நான் தூங்கினேனா, கால் வீக்கம் எப்படி இருக்கிறது, குழந்தை உதைத்ததா என்பதெல்லாம் அந்த எண்ணுக்குப் பிறகுதான்.

இதில் பெரிய அநியாயம், அவர்கள் கேட்கும் காலை எண்தான் நம் கைக்குள் மிகக் குறைவாக அடங்குவது. விடியலை ஒட்டி கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் ஏறும். கல்லீரல் தன்னிடம் இருக்கும் குளுக்கோஸை இரத்தத்தில் விடும். முந்தைய இரவு அளவாகச் சாப்பிட்டு, நடந்து, நேரத்துக்குப் படுத்தவளுக்கும் காலையில் நூறைத் தாண்டி நிற்கும். அதைச் சொன்னதும் "ராத்திரி என்ன சாப்பிட்டே?" என்ற கேள்வி வரும். அன்று முழுக்க மனசு அந்த எண்ணிலேயே நிற்கும். பதற்றமும் தூக்கக் குறைவும் சேர்ந்து சர்க்கரையை இன்னும் ஏற்றிவிடும் என்பதால், கேள்வி கேட்பவர்கள் தெரியாமலேயே எண்ணைக் கூட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

இப்படிக் கேட்டுக் கேட்டு என்ன ஆகும் என்பதைக் கிளினிக்கில் இருந்த நர்ஸ் ஒருவர் சொன்னார். "நோட்டுல எல்லாம் 117, 118னு அழகா வரிசையா இருந்தா நான் மீட்டரை வாங்கிப் பார்ப்பேன்மா. மீட்டருக்கு ஞாபகம் இருக்குல்ல?" வீட்டுக்குப் பயந்து, டாக்டருக்குப் பயந்து எண்ணைக் குறைத்து எழுதுகிறவர்கள் நிறையப் பேராம். அப்படி எழுதினால் மருந்தின் அளவு தப்பாகும், அவ்வளவுதான். திட்டு வாங்காமல் தப்பிக்கிற பெண்ணுக்கு அதனால் எந்த நன்மையும் இல்லை.

இதை வந்து சொன்னபோது கணவர்தான் ஒரு யோசனை சொன்னார். எண்ணை நோட்டில் எழுதி அலமாரியில் வைத்துவிடுவது. பார்க்க விரும்புகிறவர்கள் பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் யாரும் கேட்கக் கூடாது. வாரத்துக்கு ஒருமுறை நானும் அவரும் உட்கார்ந்து, எந்த வேளையில் திரும்பத் திரும்பக் கூடுகிறது, அன்றைக்கு என்ன சாப்பாடு, என்ன தூக்கம் என்று பார்ப்பது. டாக்டரும் அதைத்தானே பார்க்கிறார்? ஒற்றை எண்ணை வைத்து அவர் எதையும் முடிவு செய்வதில்லை. 70க்குக் கீழே போனாலோ, டாக்டர் சொன்ன உச்ச அளவைத் தாண்டினாலோ மட்டும் உடனே சொல்ல வேண்டும் என்று பேசிக்கொண்டோம். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. "பெத்தவ கேட்கக் கூடாதா?" என்று இரண்டு நாள் முறுக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் அவரே "சாப்பிட்டியா, தூங்கினியா?" என்று ஆரம்பிக்கப் பழகிக்கொண்டார்.

ஒரு சின்ன விஷயம், ஆனால் பல வீட்டில் சண்டையை மிச்சப்படுத்தும். ஒரு மாலை மீட்டர் திடீரென்று எகிறிக் காட்டியது. வீடே கலங்கிவிட்டது. சற்று முன்புதான் எல்லோருக்கும் பழம் உரித்துக் கொடுத்திருந்தேன். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் துடைத்து, வேறு விரலில் பார்த்ததும் எண் சாதாரணமாக வந்தது. விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாற்றைக்கூட, மீட்டரில் செருகி இரத்தத்தைத் தொடவைக்கும் அந்த ஸ்ட்ரிப் சர்க்கரை என்றுதான் கணக்கெடுக்கும். நம்ப முடியாத எண் வந்தால் கவலைப்படுவதற்கு முன்னால் கை கழுவுங்கள்.

"நாங்கல்லாம் இருக்கோம்" என்று சொல்லாத சொந்தம் கிடையாது. கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் இந்த நோயின் பாரம் பெரும்பாலும் ஞாபகம் வைத்துக்கொள்வதில் இருக்கிறது. முதல் வாய் எடுத்து வைத்த நேரத்திலிருந்து ஒரு மணி நேரம் எண்ண வேண்டும். ஸ்ட்ரிப் தீரும் முன் வாங்க வேண்டும். அடுத்த ஸ்கேன் என்றைக்கு, எந்த ரிப்போர்ட்டை எடுத்துப் போக வேண்டும், வெளியே போனால் இடைவேளைக்கு என்ன எடுத்துக்கொள்வது என்று நாள் முழுக்கத் தலைக்குள் ஒரு ஓட்டம். இதில் பாதியை வேறு ஒருவர் எடுத்துக்கொண்டால் அதற்குப் பெயர்தான் துணை. அலாரம் கணவரின் போனுக்கு மாறியது. ஸ்ட்ரிப், ஊசி முனைகள் இருப்பு அவர் கணக்கு. மணி அடித்ததும் மீட்டரை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போய்விடுவார். நின்று எட்டிப் பார்க்க மாட்டார். எட்டிப் பார்க்காமல் போவதற்கு அவர் எவ்வளவு கஷ்டப்பட்டார் என்று பின்னால் சொல்லிச் சிரித்தோம்.

மாமா (கணவரின் அப்பா) எடுத்துக்கொண்டது நடை. சாப்பிட்டதும் பத்து, பதினைந்து நிமிடம் நடந்தால் தசைகள் குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். சாப்பாட்டுக்குப் பின் ஏறும் எண் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு இறங்கும். டாக்டர் நடக்கலாம் என்று அனுமதித்திருந்தால் இதற்கு ஈடான செலவில்லாத மருந்து கிடையாது. ஆனால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு தனியாக நடப்பது சலிப்பு. மாமா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்பார், "வாம்மா, ஒரு நடை போயிட்டு வரலாம்" என்று. வழியெல்லாம் தன் பழைய ஆபீஸ் கதை. யார் யாரைக் கோள் சொன்னார்கள், எந்த மேனேஜர் யாரிடம் மாட்டினார் என்று ஒன்று விடாமல். அந்த மாதங்களில் என்னிடம் சர்க்கரையைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாதவர் அவர் ஒருவர்தான். எனக்கு மிகவும் தேவைப்பட்டதும் அதுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் இரண்டு கட்சிகள். ஒரு கட்சி தட்டை எட்டிப் பார்த்து "இது நீ சாப்பிடலாமா?" என்று கேட்கும். இன்னொரு கட்சி "ஒரு வாய் சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது, வயித்துல பிள்ளை இருக்கு, ரெண்டு பேருக்குச் சாப்பிடணும்" என்று வாயில் திணிக்கும். இரண்டுமே ஒன்றுதான், இரண்டிலும் நமக்கு வாய் இல்லை. நீரிழிவுக்காரர்களின் மனநலத்தைப் பற்றி நெடுங்காலம் வேலை செய்த அமெரிக்க உளவியலாளர் வில்லியம் போலன்ஸ்கி, அவர்களிடம் எப்படி நடந்துகொள்வது என்று மற்றவர்களுக்காக ஒரு மரியாதை அட்டையே தயாரித்தார். கேட்காமல் சாப்பாட்டு அறிவுரை சொல்லாதீர்கள் என்பது அதில் ஒன்று. அதை அச்சடித்து எல்லா வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் ஒட்டினால் தேவலை.

எங்கள் வீட்டில் கட்சிச் சண்டையைத் தீர்த்தது உணவியல் நிபுணரின் தட்டுக் கணக்கு. பாதித் தட்டு காய்கறி, கால் தட்டு பருப்பு, முட்டை மாதிரிப் புரதம், கால் தட்டு மாவுச்சத்து. இதை எனக்கு மட்டும் தனியாகப் பரிமாறாமல் எல்லோர் தட்டிலும் அத்தை கொண்டுவந்துவிட்டார். தனித் தட்டு, தனிப் பாத்திரம் என்றால் நோயாளி என்ற நினைப்பு ஒவ்வொரு வேளையும் வரும். எல்லோர் தட்டும் ஒரே மாதிரி இருந்தபோது சாப்பாடு மறுபடி சாப்பாடாகிவிட்டது. அம்மாவுக்கு ஓர் ஆசை இருந்தது: மாவுச்சத்தையே நிறுத்திவிட்டால் எண் நன்றாக வருமே என்று. நிபுணர் அதை ஒப்புக்கொள்ளவே இல்லை. கர்ப்பிணிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 175 கிராம் மாவுச்சத்து வேண்டும் என்பது பொதுவான பரிந்துரை. பட்டினி கிடந்தால் உடல் கொழுப்பை எரித்துக் கீட்டோன்களை உண்டாக்கும், அது குழந்தைக்கு நல்லதில்லை என்றார். காலையில் உடல் இன்சுலினுக்கு மிகவும் முரண்டு பிடிக்கும் என்பதால் அப்போது மாவுச்சத்தைக் குறைத்து, மற்ற வேளைகளுக்கும் இடைவேளைகளுக்கும் பிரித்துக்கொடுக்கச் சொன்னார்.

இத்தனைக்கும் பிறகு இன்சுலின் எழுதிக்கொடுத்தார்கள். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன். ஊசிக்காக அழவில்லை; அளந்து சாப்பிட்டும் தோற்றுவிட்டேன் என்ற நினைப்பு. இப்போது அது வெட்டியான அழுகை என்று தெரிகிறது. உணவும் நடையும் போதாமல் மருந்து தேவைப்படுவது எத்தனையோ பேருக்கு நடப்பது. நஞ்சுக்கொடியின் வேகத்தைப் பொறுத்தது. இன்சுலின் நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தைக்குப் போகாது. அத்தைக்குப் பெரிய பயம் அதுதான், கேட்டதும் நிம்மதியானார். வயிற்றில் போடுவதைப் பார்க்க எல்லோருக்கும் திகிலாக இருந்தது. ஊசி தோலுக்கு அடியில் இருக்கும் கொழுப்போடு நின்றுவிடும், குழந்தை எங்கோ உள்ளே இருக்கிறது என்று நர்ஸ் சொல்லித்தான் கணவரின் முகம் தெளிந்தது.

இன்சுலின் பேனாவால் ஊசி போடுவதை இருவரும் சேர்ந்தே கற்றோம். புது முனை மாட்டி, முதலில் 2 யூனிட் வெளியே தள்ளி, நுனியில் ஒரு சொட்டு தெரிகிறதா என்று பார்ப்பது அவர் வேலை. குத்துவது நான். பொத்தானை முழுக்க அழுத்திப் பத்து வரை எண்ணிவிட்டுத்தான் எடுக்க வேண்டும். அந்தப் பத்தை அவர்தான் எண்ணுவார், அதிலும் ஒரு நாள் ஏழுக்குப் பிறகு ஐந்துக்குப் போய் என்னைச் சிரிக்க வைத்தார்.

இன்சுலின் போடத் தொடங்கினால் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்க வேண்டியது, சர்க்கரை தாழ்ந்தால் என்ன செய்வது என்பது. நடுக்கம், வேர்வை, படபடப்பு, திடீர்ப் பசி, சம்பந்தமில்லாத எரிச்சல். உடனே 15 கிராம் அளவுக்கு வேகமாகச் சேரும் சர்க்கரை கொடுக்க வேண்டும்: குளுக்கோஸ், அல்லது தண்ணீரில் கரைத்த மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை, அல்லது அரை டம்ளர் பழச்சாறு. 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். 70க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை. மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆம்புலன்ஸ். கணவர் ஊரில் இல்லாத ஓர் இரவு எனக்கு இது வந்தது. கை நடுங்கி மீட்டரைப் பிடிக்க முடியவில்லை. மாதக்கணக்காக என் கண்ணில் சர்க்கரையே படாமல் ஒளித்துவைத்த அத்தை, அந்தச் சர்க்கரை டப்பாவை எடுக்கத்தான் ஓடினார். கரைத்துக் கொடுத்தார், பக்கத்தில் உட்கார்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், நேரம் ஆனதும் விரலை நீட்டச் சொன்னார். ஏன் இப்படி ஆச்சு, சாப்பிடவில்லையா என்று ஒரு கேள்வி இல்லை. மறுநாள் டாக்டரிடம் சொல்லி அளவைக் குறைத்தோம்.

மனசைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். எண்கள் சரியாக வந்துகொண்டிருந்த ஒரு கட்டத்தில்தான் நான் மிகவும் கலங்கிப்போயிருந்தேன். அதனால் நோட்டைப் பார்த்து "நல்லாத்தானே இருக்கா" என்று யாரும் முடிவு கட்ட வேண்டாம். சிறுநீர் கழிக்க எழுந்தால் திரும்பத் தூக்கம் வராது. குழந்தைத் துணிகளைப் பார்த்தாலும் ஆசை வரவில்லை. "நான் சுமக்கிறதாலதான் இதுக்குக் கஷ்டம்" என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லியிருக்கிறேன். கணவர் அதற்குச் சமாதானம் சொல்லவில்லை. இதே பேச்சு கொஞ்ச நாளாக வருகிறது என்று அடுத்த செக்கப்பில் டாக்டரிடம் சொன்னார். என்னைக் கேட்டுவிட்டுத்தான் சொன்னார், அது முக்கியம். டாக்டர் ஒரு தாளைக் கொடுத்தார்: எடின்பரோ அளவுகோல், 1987இல் ஸ்காட்லாந்தில் உருவானது, பத்தே கேள்விகள், கடந்த ஏழு நாளைப் பற்றி. சிரிக்க முடிகிறதா, காரணமில்லாமல் உங்களையே குற்றம் சொல்லிக்கொள்கிறீர்களா என்ற மாதிரி. பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வுக்காக வந்தது என்றாலும் கர்ப்பத்திலும் பயன்படுத்துகிறார்கள். அதை நிரப்பிய பிறகு ஆலோசகரிடம் அனுப்பினார்கள். யாராவது கேட்டதே பாதி பாரத்தைக் குறைத்தது.

சோகமும் ஆர்வமின்மையும் இரண்டு வாரத்துக்கு மேல் விலகாமல் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் அன்றைக்கே, அந்த நேரமே சொல்லுங்கள். தனியாக இருக்க வேண்டாம்.

எனக்கு நம்பிக்கை கொடுத்த ஒரு தகவல் உண்டு. 2005இல் ஆஸ்திரேலியர்கள் முன்னின்று வெளியிட்ட ஓர் ஆய்வில், கர்ப்பகால சர்க்கரை உள்ள 1000 பெண்களில் ஒரு பாதிக்கு உணவு ஆலோசனை, வீட்டில் சோதனை, தேவைப்பட்டால் இன்சுலின் என்று முறையாகச் சிகிச்சை கொடுத்தார்கள். குழந்தைகளுக்கு நேரும் கடுமையான சிக்கல்கள் மற்ற பாதியில் 4 சதவீதம், சிகிச்சை பெற்றவர்களிடம் 1 சதவீதம். பிரசவமாகி மூன்று மாதத்தில் விசாரித்தபோது, சிகிச்சை பெற்ற தாய்மார்களிடம் மனச்சோர்வும் குறைவாக இருந்தது. குத்துவதும் அளப்பதும் மனசைக் கெடுக்கும் என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

"எல்லாம் குழந்தைக்காகத்தானே, பொறுத்துக்கோ" என்பதை மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். நோயாளி நாங்கள். எங்களுக்காகவும் கொஞ்சம் இருக்கட்டும்.

எல்லா வீடும் இப்படி அமையாது, தெரியும். தனியாக இருப்பவர்கள், வீட்டில் பேச்சே சரியில்லாதவர்கள் உண்டு. அவர்கள் பொதுவாக உதவி கேட்பதைவிட ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேட்பது பலன் தரும். "செவ்வாய்க்கிழமை ஸ்கேனுக்குக் கூட வா", "ராத்திரி சாப்பிட்டதும் போன் பண்ணு, பேசிக்கிட்டே நடக்கிறேன்" என்று ஒரு தோழியிடம் கேட்டால் மறுக்க மாட்டாள்.

பிரசவத்துக்கு முன்பே வீட்டில் சொல்லிவைக்க வேண்டிய ஒன்று: குழந்தை பிறந்ததும் அதன் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்ப்பார்கள். தாயிடமிருந்து கூடுதல் சர்க்கரை வந்து பழகிய குழந்தையின் கணையம் இன்சுலினைக் கூடுதலாகச் சுரந்துகொண்டிருக்கும். தொப்புள்கொடியை வெட்டியதும் சர்க்கரை வரத்து நின்று, குழந்தைக்குத் தாழ்ந்துபோகலாம். அதற்குத்தான் சோதனை, சீக்கிரம் பால் கொடுக்கச் சொல்வதும் அதற்குத்தான். இது தெரியாமல் "பிள்ளைக்கும் சுகர் வந்துருச்சு" என்று யாராவது வார்டில் நின்று அழுதால் பெற்றவள் உடைந்துவிடுவாள்.

நஞ்சுக்கொடி வெளியே வந்ததும் எனக்கு இன்சுலினை நிறுத்திவிட்டார்கள். பலருக்கும் அப்படித்தான். அத்தோடு எல்லோரும் இதை மறந்துவிடுகிறார்கள். ஆனால் 4 முதல் 12 வாரத்துக்குள் மறுபடி 75 கிராம் குளுக்கோஸ் குடித்து ஒரு சோதனை செய்ய வேண்டும், அதற்குப் பிறகு ஒன்றிலிருந்து மூன்று வருடத்துக்கு ஒருமுறை வாழ்நாள் முழுக்க. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தவர்களுக்குப் பின்னாளில் இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ பத்து மடங்கு என்று 2020இல் வெளியான ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. தாய்ப்பால் கொடுப்பது, எடையைக் கட்டுக்குள் வைப்பது, நடையை விடாமல் இருப்பது எல்லாம் அதைக் குறைக்கும்.

இந்தச் சோதனையைப் பலர் தவறவிடுவதற்கு அலட்சியம் காரணமில்லை. வெறும் வயிற்றோடு, கைக்குழந்தையோடு, இரண்டு மணி நேரம் ஆய்வகத்தில் உட்கார முடியாது. அந்த இரண்டு மணி நேரம் குழந்தை யாரிடம் என்று முன்கூட்டியே பேசி வைத்துவிடுங்கள். எங்கள் வீட்டில் மாமாதான் வந்தார். கிளம்புவதற்கு முன் பால் கொடுத்துவிட்டேன். அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, அதே மேனேஜர் கதையை அதற்கும் சொல்லியபடி வராந்தாவில் நடந்துகொண்டிருந்தார். ரிப்போர்ட் சரியாக இருந்தது. அடுத்த வருடச் சோதனைத் தேதியைக் கணவர் தன் போனில் போட்டு வைத்திருக்கிறார்.